நுருங்ஜிக்கு எங்கே சாப்பாடு போடுவது

மால்சுன் என்ற பெயரில் ‘மால்’ என்றால் எங்கள் கொரிய மொழியில் கடைசி. மூன்று பெண்களுக்குப் பிறகு நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததும், இத்தோடு போதும் என்று அவள் அப்பா அந்தப் பெயரை வைத்தார். ஐந்தாவதும் பெண்தான். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு மால்சுன் இருப்பாள். அதற்காக யாரும் அப்பாவோடு சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. இவளும் போடவில்லை. சண்டை போட இவளுக்கு நேரம் எங்கே இருந்தது?

புசான் துறைமுகத்தை ஒட்டிய யோங்தோ தீவுச் சந்தையில், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறிவகைகள் விற்கிற கடை அவளுடையது. எதிர்க்கடை என்னுடையது, நான் மீனை அரைத்து எண்ணெயில் பொரித்து விற்கிறேன். இருபத்தாறு வருஷமாக ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். என் புருஷன் முகத்தைக்கூட நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை, பார்க்கும்படியாகவும் அது இல்லை. மால்சுன் காலை ஐந்து மணிக்கு ஷட்டரைத் தூக்குவாள். கீரை, முள்ளங்கி, வறுத்த நெத்திலி, தாமரைக்கிழங்கு என்று தட்டு தட்டாக அடுக்குவாள். அவள் புருஷன் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் இருந்தவன். மகள் யுன்சேக்கு நாலு வயதாகும்போது நெஞ்சில் நோய் வந்து போய்ச் சேர்ந்தான். சாவுக்காரியம் முடிந்த மறுநாள் கடையைத் திறந்தவள்தான், அதற்குப் பிறகு ஒருநாளும் மூடியதில்லை. புயல் எச்சரிக்கை வந்தால்கூடப் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள்.

யுன்சே படித்து, பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சிவப்பு உள்ளாடை வாங்கிக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதை வாங்கினாள். கூடவே ஒரு பாம்பையும் வாங்கிவந்தாள்.

மலைப்பாம்பில் ஒரு குட்டை வகையாம். கை நீளம், மணிக்கட்டுப் பருமன், கறுப்பும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருந்தது. சோறு பொங்கிய சட்டியின் அடியில் பிடித்திருக்கும் காந்தலின் நிறம். அதனால் காந்தல் என்றே, எங்கள் பேச்சில் நுருங்ஜி என்று, பெயர் வைத்துவிட்டாள். அன்று மால்சுன் கத்திய கத்தலில் மாடிவீட்டுக்காரர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டார். பிறகு மூன்று வருஷம் யுன்சேயின் அறைக் கதவு சாத்தியே இருந்தது. உள்ளே மகளும் பாம்பும், வெளியே இவள்.

சென்ற ஏப்ரலில் யுன்சே, வடக்கே தலைநகர்ப் பக்கத்தில் இருக்கிற சூவோனில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து வீட்டைவிட்டுப் போனாள். போனாள் என்று நான் மரியாதையாகச் சொல்கிறேன், கோபித்துக்கொண்டு கிளம்பினாள். அந்த ஊரில் அவளுக்குக் கிடைத்த அறையில் பாம்பை வைத்துக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. சம்மதிக்கிற வீடு கிடைத்ததும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று, கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். சீட்டில் மூன்றே வரி. பத்து நாளைக்கு ஒரு எலி. உறைந்த எலியை வெந்நீரில் போட்டு இளக்கவேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் மாற்றவேண்டும்.

மறுநாள் மால்சுன் என் கடைக்குள் வந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். எலிகள் அவள் வீட்டில் கிம்ச்சி, அதாவது காரம் போட்டுப் புளிக்கவைத்த கோஸ் ஊறுகாய், வைக்கிற தனிக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் இருந்தன. கறி விற்கிறவள் வீட்டில் எலி இருப்பது சந்தையில் தெரிந்தால் அவள் பிழைப்பு நாறிவிடும். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அன்றிலிருந்து அவள் வீட்டுக் கிம்ச்சியை நான் தொடவும் இல்லை.

“அத எங்கயாவது குடுத்துத் தொலைடி. இல்ல, அவளுக்கே பார்சல் கட்டி அனுப்பு,” என்றேன்.

அவள் பூண்டுத் தோலை மடியிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, “அது இங்க இருக்கற வரைக்கும் அவ ஒரு தடவையாவது வந்துதானேக்கா ஆகணும்,” என்றாள்.



சீட்டில் இல்லாத நாலாவது வரிதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம். எங்கே வைத்துச் சாப்பாடு போடுவது என்று யுன்சே எழுதவில்லை. அவளுக்கு அது தெரிந்த விஷயம், எழுதத் தோன்றியிருக்காது. மகளைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். மால்சுன் கேட்கமாட்டாள். இதுகூடத் தெரியாதா என்று அவள் நினைத்துவிட்டால், மறுவாரமே வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாளாம். அப்புறம் வருவதற்கு வீட்டில் என்ன இருக்கிறது என்றாள். நீ இருக்கிறாயே என்று சொல்லவந்தேன், சொல்லவில்லை.

தூங்குகிற இடத்தில் யாராவது சாப்பிடுவார்களா, அது என்ன பழக்கம் என்பது மால்சுனின் நியாயம். அதுவும் நுருங்ஜி படுத்திருப்பது மரத்தூளில். அதன் வாயில் தூள் ஒட்டாதா? அதனால் கழுவி வைத்த கிம்ச்சி டப்பா ஒன்றை எடுத்தாள். முழங்கைவரை வருகிற சிவப்பு ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பாம்பைத் தூக்கி அதற்குள் விட்டாள். டப்பாவைக் கொண்டுபோய் வைத்த இடம் எது தெரியுமா? எங்கள் வீடுகளில் தரைக்கடியில் சூடு ஓடும். அடுப்புப் பக்கத்து மூலை எப்போதும் கூடுதல் கதகதப்பு. வெளியே போனவர் திரும்பி வரும்வரை அவருக்கான சோற்றை மூடி, போர்வை சுற்றி அங்கேதான் வைப்போம். அந்த மூலையில் வைத்தாள். வீட்டிலேயே நல்ல இடம் அதுதானே என்றாள்.

நுருங்ஜி எலியை விழுங்கியது. நான் வாசற்படியில் நின்று, ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு, பார்த்தேன். விழுங்கி முடித்ததும் அதன் நடுவயிறு புடைத்துக்கொண்டது. மால்சுன் அதைத் தூக்கி, வெறும் கையால் என்றால் நம்பமாட்டீர்கள், பால் குடித்த பிள்ளையை ஏப்பம் விடவைப்பதுபோல் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, கண்ணாடிப் பெட்டியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தாள். சாயங்காலம் பாதி செரித்த எலி மரத்தூளில் கிடந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. இரண்டு வாரம் கழித்து மறுபடி முயன்றாள், மறுபடியும் கக்கியது. முதுகெலும்பு கூரையின் முகடு மாதிரி துருத்திக்கொண்டு வந்தது.

இதற்கிடையில் யுன்சேயிடமிருந்து பத்து நாளைக்கு ஒருமுறை செல்போனில் செய்தி வரும். “சாப்பிட்டுச்சா?” அவ்வளவுதான். எங்கள் ஊரில் எதிரே வருகிறவனைப் பார்த்தால் சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்போம், கடன்காரனிடம்கூடக் கேட்போம். அவள் அம்மாவிடம் அதைக் கேட்கவில்லை, பாம்பைப் பற்றிக் கேட்டாள். மால்சுன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஒரு சொல்லை ஒரு பக்கக் கடிதம்போல நேரமெடுத்துப் படிப்பாள். “சாப்பிட்டுச்சு” என்று பதில் அனுப்புவாள். அதற்குப் பிறகு பத்து நாள் ஒன்றும் வராது. அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்நெஞ்சுக்காரி என்று வாய்விட்டே திட்டியிருக்கிறேன். மால்சுன் ஒரு நெத்திலித் தட்டை எடுத்துத் துடைப்பாள்.

ஜூன் மாதம் ஒருநாள் கடை நேரம் முடிந்ததும் நான்தான் அவளை இழுத்துக்கொண்டு நகரத்துக்குள் போனேன். பாம்பு, ஓணான், ஆமை எல்லாம் விற்கிற கடை அது. கடைக்காரர் முப்பத்தைந்து வயதிருப்பார், கழுத்தில் ஒரு பல்லியைத் தொங்கவிட்டுக்கொண்டே பேசினார். மால்சுன் நடந்ததையெல்லாம் குனிந்த தலையோடு ஒப்பித்தாள்.

முதுகில் தட்டியதைக் கேட்டதும் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிக்காமலிருக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

“அம்மா, அது எங்க இருக்கோ அங்கயே போடுங்க,” என்றார். “தூக்கி வேற இடத்துல வெச்சா பயந்துக்கும். தின்னப்பறம் தூக்கினா கக்கும். ரெண்டு நாள் தொடவே கூடாது. வயித்துல அந்தப் புடைப்பு இருக்கற வரைக்கும் கைய வெக்காதீங்க.”

பெட்டிக்குள்ளேயே போட்டால், கையை விடும்போதெல்லாம் சாப்பாடு என்று நினைத்துக் கடிக்காதா என்று நான் மடக்கினேன். அதற்குத்தான் நீள இடுக்கி என்று ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். முன்பு சிலர் அந்தப் பயத்தில்தான் தனி டப்பாவில் வைத்துப் போட்டார்களாம். இப்போது அது வேண்டாம் என்கிறார்களாம். குளிர்காலத்தில் சில பாம்புகள் வாரக்கணக்கில் சாப்பிடாது, அதற்கும் கலவரப்பட வேண்டாம் என்று வழியனுப்பும்போது சொன்னார். ஆனால் மால்சுனின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் நினைப்பு எங்கேயோ போயிருந்தது.

திரும்பி வரும்போது பேருந்து பாலத்தைத் தாண்டியது. பிறகு, “அன்னிக்கே சொன்னாளேக்கா. எனக்குத்தான் ஏறல,” என்றாள்.

எந்த நாள் என்று எனக்குத் தெரியும். நானும் என் கடையிலிருந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். ஏப்ரல் முதல் வாரம் யுன்சேயின் பிறந்தநாள். பிறந்தநாள் காலையில் கடற்பாசி சூப் குடிக்காமல் எங்கள் ஊரில் யாரும் வெளியே கிளம்பமாட்டார்கள். இந்த ஒரு வருஷமாவது வீட்டில் வைத்துக் கொடு அம்மா என்று அவள் முதல்நாளே கேட்டிருக்கிறாள். கடையில் அடுப்பு இருக்கிறது, இறைச்சி இருக்கிறது, அங்கே வா என்று இவள் சொல்லியிருக்கிறாள். நாலு வயதிலிருந்து அந்தப் பெண் சாப்பிட்டது முழுக்க அங்கேதான். கல்லாவுக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லாம் என்ன சாப்பிடுகிறாய் என்று எட்டிப் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டாள். அன்றும் வந்து உட்கார்ந்தாள். இரண்டு வாய் குடிப்பதற்குள் மூன்று பேர் கறி வாங்க வந்தார்கள். மூன்று முறையும் மால்சுன் எழுந்து போனாள். யுன்சே கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நம்ம வீட்ல தன்னோட எடத்துல சாப்பிடற ஒரே ஜீவன் நுருங்ஜிதாம்மா,” என்றாள். கத்தவில்லை. மறுவாரம் கிளம்பிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மால்சுன் பாம்பைத் தூக்கவில்லை. யுன்சேயின் அறைக்குள் போய், பெட்டியின் மூடியைத் திறந்து, எலியை இடுக்கியில் பிடித்து நீட்டுவாள். அது ஒளிந்துகொள்ளக் கவிழ்த்து வைத்திருந்த மண்சட்டிக்குள்ளிருந்து தலை மெதுவாக வரும். ஒரே இழுப்பு. பிறகு மூடியைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்து பல வருஷமாகிறது. மேசைமேல் யுன்சேயின் சீப்பு, சுவரில் அவள் தோழிகளோடு எடுத்த படங்கள், கதவுக்குப் பின்னால் ஒரு பழைய குளிர்ச்சட்டை. சட்டையில் இன்னும் அவள் வாசம் இருக்குதுக்கா என்று ஒருநாள் சொன்னாள். பாம்பு நாற்றத்தில் அது எப்படித் தெரியும் என்று நான் கிண்டலடித்தேன். அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். கடை நேரத்தில் அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஜூலையிலிருந்து நவம்பர்வரை நுருங்ஜி நன்றாகச் சாப்பிட்டது. முதுகெலும்பு உள்ளே போய், உடம்பு உருண்டு திரண்டது. அறுவடைப் பண்டிகைக்கு யுன்சே வரவில்லை; டிக்கெட் கிடைக்கவில்லையாம். நவம்பர் கடைசியில் நுருங்ஜி சாப்பிடுவதை நிறுத்தியது. எலியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைக்காரர் சொன்னதை நான் எத்தனை முறை நினைவுபடுத்தினாலும் மால்சுன் நம்பவில்லை. செத்துவிட்டால் என்ன பண்ணுவேன், அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றே புலம்பினாள். பத்து நாளைக்கு ஒருமுறை செய்தி மட்டும் தவறாமல் வந்தது. சாப்பிட்டுச்சா? இவளும் கை கூசாமல் பதில் போட்டாள். சாப்பிட்டுச்சு.

ஜனவரி நடுவில் வேறு மாதிரி ஒரு செய்தி வந்தது. பாம்பு வைத்துக்கொள்ள விடுகிற வீடு கிடைத்துவிட்டது, செவ்வாய்க்கிழமை தோழியின் காரை இரவல் வாங்கி ஓட்டிவந்து எடுத்துக்கொண்டு அன்றைக்கே திரும்பிவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை காலை மால்சுனின் கடை ஷட்டர் ஏறவில்லை. சந்தையே வந்து வந்து பார்த்துவிட்டுப் போனது. எட்டு மணிக்கு எனக்குப் போன் வந்தது. உடனே வீட்டுக்கு வாக்கா என்றாள். என்னவோ ஏதோவென்று ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மேடேறி ஓடினேன்.

அவள் யுன்சேயின் அறையில் பெட்டிமுன் முழங்காலிட்டு, இடுக்கியில் எலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். ஆறரையிலிருந்து என்றாள். எலி ஆறிப்போனால் மறுபடி வெந்நீரில் போடுவாள், மறுபடி நீட்டுவாள். நுருங்ஜி சட்டிக்குள் சுருண்டு, மூஞ்சியைத் தன் உடம்புக்கடியில் செருகிக்கொண்டிருந்தது.

“விடுடி. எப்படியும் அவ கொண்டுபோகப் போறா. அங்க போய்த் தின்னட்டும்,” என்றேன்.

“இப்ப தின்னா ரெண்டு நாள் தூக்கக் கூடாதுக்கா.”

அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. இரண்டு நாள் பாம்பைத் தூக்கமுடியாது. தூக்கமுடியாவிட்டால் யுன்சே திரும்பிப் போகமுடியாது. இரண்டு இரவு இந்த வீட்டில் தங்கவேண்டியிருக்கும். அதற்காக இவள் விடிகாலையிலிருந்து ஒரு பாம்பிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். இரு என்று மகளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மண்டு. நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தின்னுடா, தின்னுடா என்று நானும் சேர்ந்து கெஞ்சினேன். மீன் பொரிக்கிற நேரத்தில் பாம்புக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன், போதுமா?

பதினோரு மணிக்குக் கீழே கார்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மால்சுன் மூடியைப் படாரென்று போட்டாள். எலியை எங்கே வைப்பது என்று தெரியாமல், கிடைத்த செய்தித்தாளில் சுற்றி என் ஏப்ரன் பையில் திணித்துவிட்டாள். என்னைக் கேட்கவே இல்லை.

யுன்சே உள்ளே வந்தாள். மெலிந்திருந்தாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கையில் காற்றோட்டத் துளை போட்ட ஒரு பெட்டி. எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னாள். அம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒன்பது மாதம் கழித்துப் பார்க்கிறார்கள். நடுவே ஒரு சாப்பாட்டு மேசை நீளம்தான் இடைவெளி, ஒருத்தியும் ஓர் அடி எடுத்துவைக்கவில்லை. ரோடு நல்லா இருந்துதா என்று இவள் கேட்டாள். இருந்துது என்று அவள் சொன்னாள். நேராக அறைக்குள் போனாள்.

“இன்னிக்குக் காலைலதான் தின்னுச்சு,” என்றாள் மால்சுன் அவள் முதுகைப் பார்த்து.

யுன்சே மூடியைத் திறந்தாள். மண்சட்டியை மெதுவாகத் தூக்கினாள். நுருங்ஜி தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மரத்தூளில் முழுசாக நீண்டு ஊர்ந்தது. தலையிலிருந்து வால்வரை ஒரே சீரான உடம்பு. ஒரு புடைப்பும் கிடையாது. குருடனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். நான் கூரையைப் பார்த்தேன். என் ஏப்ரன் பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். பக்கத்தில் ஆவி அடங்காத வெந்நீர்க் கிண்ணத்தையும், ஈர இடுக்கியையும் பார்த்தாள். அம்மாவின் முழங்காலில் பதிந்திருந்த தரைப்பாயின் கோடுகளையும் பார்த்தாள். சட்டியைத் திரும்பக் கவிழ்த்து, மூடியைச் சாத்தினாள்.

“ஆமா, நல்லாத்தான் தின்னிருக்கு,” என்றாள். “ரெண்டு நாள் தூக்கக் கூடாதும்மா. நான் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிடறேன்.”

மால்சுன் திரும்பிச் சமையலறைக்குள் ஓடினாள். ஓடினாள் என்றால் நிஜமாகவே ஓடினாள். அவள் வீட்டு அடுப்பில் பல வருஷமாக நூடுல்ஸ் தவிர வேறொன்றும் வெந்ததில்லை. உள்ளே ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து சாத்துகிற சத்தம் கேட்டது.

நான் வாயைத் திறந்தால் எதையாவது உளறிவிடுவேன் என்று கிளம்பினேன். யுன்சே வாசல்வரை வந்து, நான் செருப்பு மாட்டும்போது கையை நீட்டினாள்.

“அதக் குடுங்க பெரியம்மா. சொட்டுது.”

செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். மானம் போயிற்று. நவம்பரிலிருந்து அது பட்டினி, உன் அம்மா பயந்து பொய் எழுதினாள், அவளைத் திட்டாதே என்று தாழ்ந்த குரலில் படபடவென்று கொட்டிவிட்டேன்.

“தெரியும். வருஷா வருஷம் நவம்பர்ல நிறுத்திடும், மார்ச் வரைக்கும் வாயத் தொறக்காது,” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. “தெரிஞ்சுக்கிட்டே ஏண்டி பத்து நாளைக்கு ஒரு தடவ சாப்பிட்டுச்சா, சாப்பிட்டுச்சான்னு கேட்டே?”

அவள் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“அம்மாகிட்ட வேற எப்படிப் பேச்ச ஆரம்பிக்கறதுன்னு தெரியல பெரியம்மா,” என்றாள்.

உள்ளேயிருந்து மால்சுன், அரிசி எங்கே இருக்கிறதென்று, என்னையா அவளையா என்று தெரியாதபடி, பொதுவாகக் கேட்டாள். யுன்சே பதில் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.